கடைசி வரிசையில் ஒரு துண்டு

என் கணவர் புளியமரத்திலிருந்து விழுந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கிளையை உலுக்க ஏறியவரின் கால்கள் அதன்பின் அவர் சொல்லைக் கேட்கவில்லை. அன்று முதல் எங்கள் மலையில் அவர் எங்கே போனாலும் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. பேருந்துப் படியருகே சக்கர நாற்காலி நின்றால் போதும். சந்தைக்குப் போகிறவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து நான்கு மூலைகளையும் பற்றிக்கொள்வார்கள். கேட்பதில்லை. கேட்டால்தான் குற்றம் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். அந்தக் கைகளில் அன்பைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை என்பதால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வந்ததில்லை.

எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் ஆண்டுவிழா நாடகத்தில் நடித்தாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நாடகம் தொடங்கிவிட்டது. வழக்கப்படி நால்வர் அவரைத் தூக்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்வரிசைக்குக் கொண்டுபோனார்கள். சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. ஒரு செருப்பு கழன்று விழுந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் மேடையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். மேடையில் மகள் பேசிக்கொண்டிருந்த வசனம் நின்றுபோயிற்று. திரைக்குப் பின்னாலிருந்து யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். வீட்டில் அதைப் பற்றி மூவருமே பேசவில்லை. பேசாமல் இருந்ததனாலேயே அது வீட்டில் தங்கிவிட்டது.

சென்ற ஆண்டு, வேலூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள், பெரிய அரங்கம் ஒன்றில் தன் நாடகம் நடக்கப்போவதாகத் தொலைபேசியில் சொன்னாள். "ரெண்டு பேரும் வாங்க" என்றாள். அதற்குப்பின் சற்று நிறுத்தி, "முடிஞ்சா" என்றாள்.

தொலைபேசியை வைத்தபின் அவர் என்னிடம் சொன்னார்: "போலாம். ஆனா யாரும் என்னத் தூக்கக் கூடாது. பாப்பா பாக்கறப்ப என்ன நாலு பேரு தூக்கினு வரக் கூடாது."

நான் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள். அங்கே ஜன்னலோரத்தில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அரங்கின் இருக்கைப் படம் திறந்தது. நூலக அடுக்குகளைப் போலவே வரிசை வரிசையாகச் சிறு கட்டங்கள். யோசிக்கவே இல்லை, எங்கள் இருவருக்கும் கொழுந்தனாருக்குமாக முதல் வரிசையின் நடுவில் மூன்று கட்டங்களைத் தொட்டேன். எங்கள் பக்கத்தில் கூத்து என்றால் ஆடுகிறவரைப் பெற்றவர்களுக்கு முன்னிடம்தான். பொழுது சாயும் முன்பே யாராவது அவர்களுக்காகத் துண்டு விரித்து வைத்திருப்பார்கள். துண்டு கிடக்கும் இடத்தை மிதித்துக்கூட யாரும் போக மாட்டார்கள். அந்தப் பழக்கம் என் விரலிலும் இருந்தது.

டிக்கெட் வந்தபின்தான் நாற்காலி அங்கே எப்படிப் போகும் என்ற கேள்வி எழுந்தது. அரங்கின் எண்ணுக்கு அழைத்தேன். பேசிய பெண் பொறுமையானவர்.

"மொத வரிசைக்குப் பதினோரு படி எறங்கணுங்க. கவலப்படாதீங்க, எங்க ஆளுங்க தூக்கினு போய்டுவாங்க."

"தூக்கக் கூடாதுங்க. அவரே போகணும்."

"அப்படீன்னா கடைசி வரிசைங்க. வாசலுக்கு நேரா ரெண்டு சீட்டு எடுத்துட்டு எடம் வுட்டிருக்கோம். பின்பக்கம் சாய்தளம் கீது. யாரும் கேக்கறதில்லங்க, அதான் நான் மொதல்ல சொல்லல."

படத்தை மறுபடி பார்த்தேன். கடைசி வரிசையில் கட்டங்கள் இல்லாத வெற்றிடம் ஒன்று இருந்தது. படம் வரைந்தவர் மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். சாய்தளத்தின் அகலம், கழிவறைக் கதவின் அகலம், வண்டி எதுவரை வரலாம் என்பதையெல்லாம் கேட்டேன். அவர் அங்குல நாடாவுடன் போய் அளந்துவிட்டுத் திரும்ப அழைத்தார். நானும் வீட்டில் நாற்காலியை அளந்தேன். இரண்டு விரல் இடைவெளி மிஞ்சியது.

அன்று மாலை செய்தியைச் சொன்னபோது கொழுந்தனாரும் இருந்தார். அண்ணனைத் தூக்குவதில் எப்போதும் முதல் கை அவருடையது.

"கடைசி வரிசையா?" என்றார் அவர். "கூத்துல அது குடிச்சிட்டு வர்றவன் நிக்கற எடமாச்சே அண்ணி. பொண்ணப் பெத்தவன் அங்க ஒக்காந்தா இன்னா நெனப்பாங்க?"

இரண்டு நாள் கழித்து, சாமை புடைத்துக்கொண்டிருந்த என்னிடம் என் கணவர் கேட்டார்: "முன்னாடின்னா தூக்கணும். பின்னாடின்னா நானே போலாம். அவ்ளோதான?"

"அவ்வளவுதாங்க."

"பின்னாடியே போடு."

கொழுந்தனாரின் காரிலிருந்து நாற்காலிக்குத் தாமாகவே நகர்ந்து மாறுவதற்காக என் கணவர் ஒரு பலகையை இழைத்து வழவழப்பாக்கினார். வாசலில் நின்ற காரில் பத்து நாள் பழகினார். இரண்டு முறை சறுக்கினார். கொழுந்தனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "அண்ணா, நீ சாமை மூட்டைய வுடக் கனம் கம்மி. ஒரே தூக்குதான்" என்பார்.

"நீ தூக்குனா இந்தப் பலகையாலயே அடிப்பேன்" என்பார் இவர்.

நாடகத்தன்று அமிர்தி வழியாக மலையிறங்கி, பிற்பகல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்தோம். பலகை அதன் வேலையைச் செய்தது. கட்டடத்தின் பின்பக்கம் சாய்தளம் இருந்தது. அது தொடங்கும் இடத்தில் இரும்புக் கதவு. அதில் பூட்டு.

காவலாளி ஓடிவந்தார். "சாவி எலக்ட்ரீஷியன் கிட்டங்க. சாப்புடப் போய்க்கிறாரு. அதுக்கு இன்னாங்க, முன்பக்கம் ஆறே படி. நாலு பேரு புடிச்சா ரெண்டு நிமிசம்."

"வேண்டாங்க. சாவி வரட்டும்" என்றேன்.

உள்ளே இருந்த அந்தப் பொறுமையான பெண்ணை அழைத்தேன். வெளியே வந்தவர் பூட்டைப் பார்த்து முகம் வாடி, தம் கைபேசியில் எலக்ட்ரீஷியனை அழைத்தபடி நின்றார். கொழுந்தனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நான் போய் எடத்த ஆச்சும் பாக்கறேன்" என்று முன்வாசல் வழியாக உள்ளே போய்த் திரும்பினார்.

முதல் மணி அடித்தது. என் கணவர் இரும்புக் கதவில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, பாப்பா மொத சீன்லயே வருது. பாக்காம போய்டும்" என்றார் கொழுந்தனார். அவர் கைகள் நாற்காலியின் பிடிக்கு வந்துவிட்டன. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் எதையும் அவருக்காகத் தீர்மானிக்க விரும்பவில்லை.

"கைய எட்ரா" என்றார் தம்பியிடம். "பாக்க முடியலன்னா இங்கருந்து அது கொரலாச்சும் கேக்கறேன்."

இரண்டாம் மணி அடித்து முடியும் நேரத்தில் எலக்ட்ரீஷியன் மொபெட்டில் வந்தார். வாயில் இருந்த வெற்றிலையோடு எதுவும் பேச முடியாமல் சாவியைத் திருகினார். கதவு திறந்தது. சாய்தளத்தில் என் கணவர் தாமே சக்கரங்களைத் தள்ளி ஏறினார். பாதியில் மூச்சு வாங்க நின்றார். அவருக்குப் பின்னால் நாங்கள் மூவரும் கைகளை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் நின்றோம். அதன்பின் மீதியையும் ஏறினார்.

உள்ளே விளக்குகள் மங்கத் தொடங்கியிருந்தன. கடைசி வரிசையில் நெருக்கமாக ஆட்கள். கூடுதலாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரம் வரை வந்துவிட்டன. எங்கள் வெற்றிடம் மட்டும் வெற்றிடமாகவே இருந்தது. அதன் நடுவே தரையில் கொழுந்தனாரின் பச்சைக்கரைத் துண்டு நான்கு மூலையும் இழுத்து விரிக்கப்பட்டுக் கிடந்தது.

அந்தப் பெண் குனிந்து என் காதில் சொன்னார்: "இங்கயும் சேர் போட வந்தாங்களாம். யாரோ துண்டு போட்டுக்கிறாங்கன்னு வுட்டுட்டாங்க."

திரை விலகியது. மகள் வந்தாள். பேசுவதற்கு முன் அவள் கண்கள் முதல் வரிசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயின. அங்கே நாங்கள் இல்லை. பின்பு பேசினாள். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. என் கணவர் உதடுகளை அசைத்துக்கொண்டே இருந்தார், அவளுக்கு ஏதேனும் மறந்தால் எடுத்துக்கொடுப்பவர்போல. அவருக்கு அந்த நாடகத்தில் ஒரு வரியும் தெரியாது.

முடிந்தபின், ஒப்பனை கலையாத முகத்துடன் அவள் படிகளில் ஏறி வந்தாள்.

"மொத வரிசைல தேடினேன்ப்பா. காணோம். வரலன்னு நெனச்சுட்டேன்."

"பின்னாடி இருந்தேன்."

அவள் நாற்காலியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு சித்தப்பாவின் கைகளைப் பார்த்தாள்.

"நான் தொடவே இல்ல பாப்பா" என்றார் அவர். "உங்கம்மா சாட்சி."

என் கணவர் துண்டின் மேலிருந்து நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். கொழுந்தனார் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாய்தளத்தில் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்துப் பிடித்து விட வேண்டும். மகள் அவருக்குப் பக்கத்தில், அவர் வேகத்துக்கு நடந்தாள். நாடகத்தில் தமக்குப் பிடித்த இடம் எதுவென்று அவர் சொல்லிக்கொண்டே இறங்கினார்.