ப்ளாப்பிக்குள் ஒரு கிரேன்

அக்கா ஒரு துறைமுகக் கிரேனைச் செய்து ப்ளாப்பிக்குள் வைத்திருந்தாள். அதைப் பார்ப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அப்பாவும் அக்காவும் நானும் மாதா கோயில் வாசலிலிருந்து நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அம்மா மட்டும் மீன் வாங்க மார்க்கெட் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. மற்ற இருவர் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஏறினால் துறைமுகக் கிரேன்களின் தலை தெரியும். அப்பா பதினாறு வருஷம் அவற்றில் ஒன்றின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து பெட்டி இறக்கினவர். பெட்டி என்றால் எங்கள் வீட்டைவிடப் பெரிய இரும்புக் கன்டெய்னர். போன மழைக்காலத்தில் ஒரு நாள் மேலே இருக்கும்போது அவருக்குத் தலை சுற்றிவிட்டது. இனி உயரத்தில் வேலை கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு துறைமுகக் கேட்டில் நின்று, லாரியில் வரும் பெட்டிகளின் நம்பரைச் சீட்டோடு ஒத்துப் பார்த்து உள்ளே விடும் வேலை. அந்த வேலையைப் பற்றி அப்பா வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கோ அவர் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவதில் ரொம்பச் சந்தோஷம்.

அக்கா பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். ஜாவாவில் ஆப்லெட் ஒன்று எழுத வேண்டும் என்று அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். இணையப் பக்கத்துக்குள்ளேயே ஓடுகிற குட்டி புரோகிராமுக்கு அன்றைக்கு அதுதான் பெயர். மற்ற பிள்ளைகள் கடிகாரம், கால்குலேட்டர் என்று எழுதினார்கள். அக்கா கிரேனை எடுத்துக்கொண்டாள். மூன்று வாரமாக ராத்திரி சாப்பாட்டின்போது அப்பாவைக் கேள்வி கேட்டுத் துளைத்தாள். கயிறு எவ்வளவு நீளம், கிரேன் நின்றதும் பெட்டி நிற்குமா, ஆடுமா, எந்தப் பக்கம் ஆடும். ஒருநாள் அப்பா தண்ணீர்ச் சொம்பை நாடாவில் கட்டித் தூக்கி, கையை நகர்த்தி நிறுத்திக் காட்டினார். கை நின்ற பிறகும் சொம்பு முன்னால் போய் என் நெற்றியில் இடித்தது. அக்கா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை பரீட்சை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கல்லூரிக் கம்ப்யூட்டரில் இணைய முகவரியைத் தட்டித்தான் பார்ப்பாராம். ப்ளாப்பியைக் கொடுத்தால் வாங்க மாட்டாராம். ஆகவே அன்றைக்கே இணையத்தில் ஏற்றியாக வேண்டும். சென்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி வரைதான்.

சென்டரை நடத்திய அண்ணனுக்குத் தூத்துக்குடிப் பக்கம். முன்னால் அவர் அப்பாவின் மளிகைக் கடை, அதன் பக்கவாட்டில் ஆறு கம்ப்யூட்டர் வைத்த ஒடுக்கமான அறை. சாயங்காலங்களில் அங்கே அவர் ஜாவா வகுப்பும் எடுத்தார். முதலில் அக்கா ப்ளாப்பியிலிருந்தே திறந்தாள். நீலக் கடல், கப்பல், கரையில் லாரி, நடுவில் மஞ்சள் கிரேன் எல்லாம் வந்தன. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அம்புக்குறிப் பொத்தானைத் தொடப் போன என் கையை அக்கா தட்டிவிட்டாள். முதலில் ஏற்றணும், அப்புறம் அப்பா, அப்புறம்தான் நீ என்றாள்.

ஏற்றினாள். முகவரியைத் தட்டினாள். பக்கம் மெதுவாக வந்தது. மேலே தலைப்பு, கீழே அக்காவின் பெயர், நடுவில் கிரேன் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுக் கட்டம். கட்டத்தின் மூலையில் பொடியாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

"இன்னாம்மா, கிரேனக் காணோம்?" என்றார் அப்பா.

அக்கா பக்கத்தை மறுபடி வரவழைத்தாள். மறுபடியும் கட்டம். அவள் காதுமடல் சிவந்துவிட்டது.

சென்டர் அண்ணன் எழுந்து வந்தார். இந்த மெசினில் ஜாவாவே இல்லையோ என்று அக்கா கேட்டாள். "இருக்குல்லா. நேத்துகூட ஒரு பையன் செஸ் ஆடிட்டுப் போனான்," என்றவர், அந்தச் செஸ் பக்கத்தைத் திறந்தே காட்டினார். குதிரையும் யானையும் ஜம்மென்று வந்து நின்றன. அப்படியானால் ஜாவா இருக்கிறது, குறை எங்களுடையது. அடுத்த கம்ப்யூட்டரில் முயன்றார்கள். அங்கேயும் கட்டம். அக்கா பக்கத்தின் குறியீட்டைத் திறந்து அகலம், உயரம், கோப்பு இருக்கும் இடம் என்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரி. கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். கட்டம். நான் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடிந்ததும் ஓடிப்போய் மளிகைக் கடைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து மணி சொன்னேன். பன்னிரண்டே கால் ஆனபோது அக்கா, இன்னொரு தடவை மணி சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றாள்.

பிறகு சென்டர் அண்ணன் திரையின் அடியில் இருந்த ஜாவாவின் அடையாளமான காபிக் கப் படத்தை அழுத்தினார். ஒரு வெள்ளை ஜன்னல் திறந்து, அது நிறைய ஆங்கிலம் கொட்டியது. ஜாவா தன் மனக்குறையை எல்லாம் அதில்தான் எழுதி வைக்குமாம். அக்கா படித்துத் தமிழில் சொன்னாள். கிரேன் என்ற கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று அது சொல்கிறதாம்.

"இருக்குதேப்பா. இதோ பாரு, நான் ஏத்தினது எல்லாம் வரிசையா இருக்குது," என்று பக்கத்திலிருந்த பட்டியலைக் காட்டினாள். இருக்கிற ஒன்றை இல்லை என்று ஒரு மெசின் சாதித்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, எழுத்துகள் மட்டும் தெரியும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றவர் குனிந்தார். வெள்ளை ஜன்னலில் இருந்த பெயரின் மேல் ஒரு விரலையும் பட்டியலில் இருந்த பெயரின் மேல் இன்னொரு விரலையும் வைத்தார். ஒவ்வொரு எழுத்தாக இரண்டு விரலையும் சேர்த்தே நகர்த்தினார். கடைசிவரை போய்விட்டு மறுபடி முதல் எழுத்துக்கே வந்து நின்றார்.

"ரெண்டும் ஒண்ணு இல்லம்மா."

"ஒண்ணுதாம்ப்பா. ரெண்டுமே கிரேன்தான்."

"இங்க சி பெருசா கீது. அங்க சி சிறுசா கீது. கேட்ல இப்டி வந்தா நான் வுடமாட்டேன். சீட்டுல ஒண்ணு, பெட்டில ஒண்ணுன்னா வண்டிய ஓரங்கட்டிட வேண்டியதுதான்."

அக்கா திரையையே பார்த்தாள். ஆங்கிலத்தில் பல எழுத்துகளாக இருந்தால் பெரியதும் சிறியதும் வேறு உருவத்தில் இருந்து காட்டிக்கொடுத்திருக்கும். சி இரண்டிலும் ஒரே பிறை வடிவம். சென்டர் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எண்ணே, நம்ம மெசினுக்குப் பெருசும் சிறுசும் ஒண்ணுதான். சைட்டு கிடக்கிற எடத்துல அப்பிடி இல்ல, ரெண்டும் வேற வேற. ஏத்துற புரோகிராம்ல எவனோ எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்குன்னு டிக் போட்டு வச்சிருக்கான்," என்று அந்த டிக்கை எடுத்துவிட்டார்.

அக்கா மறுபடி ஏற்றினாள். பட்டியலில் இப்போது பெரிய சி. நான்கு பேரும் திரைமேல் சாய்ந்தோம். பக்கம் வந்தது. நடுவில் அதே கட்டம்.

அப்பா, "பெட்டி சரியா கீது. இன்னும் பழைய சீட்டையே பாத்துகினு கீதா அது?" என்றார். சென்டர் அண்ணன் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு திறந்திருந்த எல்லா ஜன்னல்களையும் படபடவென்று மூடி, பிரவுசரை முதலிலிருந்து திறந்தார். ஒரு தடவை பார்த்ததையே அது நினைவில் வைத்திருக்குமாம். அக்காவிடம் முகவரியைத் தட்டச் சொன்னார்.

கட்டம் ஒரு கணம் சாம்பலாக இருந்தது. அப்புறம் அதற்குள் கடல் வந்தது. கப்பல் வந்தது. மஞ்சள் கிரேன் மேலிருந்து கீழாகத் தன்னைத் தானே வரைந்துகொண்டு நின்றது. நான் போட்ட சத்தத்தில் மளிகைக் கடைக்குப் பருப்பு வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா எழுந்து நாற்காலியை அப்பாவுக்குக் கொடுத்தாள். அவர் பூசைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பெட்டி ஆடிப்போய் லாரியின் மேல் இடித்தது. "உன் பொத்தான் முரடு," என்றார். இரண்டாவது பெட்டியைத் தூக்கி நகர்த்தினார். அது ஊஞ்சல்போல முன்னே போனபோது, கிரேனையும் அதன் பின்னாலேயே ஒரு தட்டு தட்டி நகர்த்தினார். பெட்டி அப்படியே அசையாமல் நின்றது. பூவை வைப்பதுபோல லாரியில் இறக்கினார். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் கை தட்டினார். அப்பா திரும்பவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. என் முறை எப்போது என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. கப்பலில் இருந்த பன்னிரண்டு பெட்டியும் இறங்கிய பிறகுதான் கையை எடுத்தார்.

"நல்லா கீதும்மா. ஆனா காத்து இல்லியே."

"காத்தா?"

"கடல்ல இருந்து வரும் பாரு. ஒரே மாரி வராது. சும்மா இருக்கும், இல்லன்னு நெனச்சுகினு இருப்ப, அப்ப ஒரு தள்ளு தள்ளும். அதான் கிரேன்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிப் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ப்ளாப்பியைப் போட்டுக் காற்றையும் எழுத ஆரம்பித்தாள். சென்டர் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்களை உள்ளேயே இருக்க விட்டார். இப்போ தள்ளட்டுமா, இன்னும் பலமா, இந்தப் பக்கமா என்று அவள் கேட்டுக் கேட்டு எழுத, அப்பா ஓட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். "இன்னும் கொஞ்சம்" என்றார் ஒவ்வொரு தடவையும். ஒரு தடவை காற்றடித்துப் பெட்டி கடலிலேயே விழுந்துவிட்டது. அப்போது அவர் சிரித்த சிரிப்பை நான் பல மாதங்களாகக் கேட்டிருக்கவில்லை. வீட்டில் மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டரை மணிக்கு எனக்கு முறை வந்தபோது என்னால் ஒரு பெட்டியைக்கூட இறக்க முடியவில்லை. காற்றை எடுத்துவிடு என்று அக்காவிடம் கெஞ்சினேன். முடியாது என்று சொல்லிவிட்டு, காற்றோடேயே அதை மறுபடி ஏற்றினாள்.

மறுநாள் தேர்வாளர் முகவரியைத் தட்டியதும் கிரேன் முதல் தடவையிலேயே வந்துவிட்டதாம். அவரும் மூன்று பெட்டிகளைக் கடலில் போட்டாராம். மதிப்பெண்ணைத் தாராளமாகப் போட்டுவிட்டு அக்காவிடம் ஒன்று கேட்டாராம். "எல்லாம் நல்லா வேலை செய்யுதே, இதுல காத்து எதுக்கும்மா? யாரும் கேக்கலையே."

அக்கா சும்மா சிரித்துவிட்டு வந்துவிட்டாளாம். வீட்டில் இதை அவள் சொன்னபோது நான் முழுக்க அந்த ஐயாவின் பக்கம்தான் இருந்தேன். ஓடாததை ஓட வைக்க அவ்வளவு பாடுபட்டவர்கள், ஓட ஆரம்பித்ததும் அதை எதற்காக இவ்வளவு கஷ்டமாக்கினார்கள்? எனக்குத்தான் பத்து வயது. அந்த ஐயாவுக்கு ஏன் புரியவில்லையோ, தெரியவில்லை.