அரைஞாண் கயிறும் எம்.ஆர்.ஐ. ரூமும்

கத்தரிக்கோலைப் பார்த்ததும் அந்த அம்மா மகனின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பெரம்பலூர் ஸ்கேன் ரூமில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது. பிறகு போர்வெல் வண்டி, பாடாலூரில் பரோட்டா கடை, அரியலூரில் சிமெண்ட் லாரி. பட்டினியாகவும் படுத்திருக்கிறேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. எங்கும் நிலைக்காத என்னை, மனநோய் ஆராய்ச்சிக்கு ஆட்களை வேனில் கூட்டிவர ஒரு டாக்டர் அம்மா சேர்த்துக்கொண்டார்.

சும்மா படுத்திருக்கும்போதும் மூளை வேலை செய்துகொண்டே இருக்கும், எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்த்தால் எது எதோடு தொடர்பில் இருக்கிறது என்று தெரியும் என்றார் அவர். இரண்டு தெருவில் ஒரே நேரத்தில் கரண்ட் போய் ஒரே நேரத்தில் வந்தால் ஒரே லைன் என்போமே, அப்படித்தான் எனக்குப் புரிந்தது.

அன்று அம்மாவோடு வந்தவர் சேகர். எறையூரில் கரும்பு வெட்டுபவர். யாரும் பேசாதபோதும் அவர் காதில் ஒரு குரல் பேசும். ஊரில் நடிக்கிறான் என்கிறார்கள், இதையும் நம்பி ஆராய்ச்சி செய்ய ஆட்கள் இருக்கிறார்களே, எப்படியாவது ஸ்கேனில் படுத்துவிட வேண்டும் என்று வேனிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

மெஷின் பெரிய காந்தம். உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது. சேகரின் அரைஞாண் கயிற்றில் தாயத்து இருந்தது. முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. சென்னையிலிருந்து வந்த டெக்னீஷியன் சாதாரணமாகக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். எங்கள் பக்கம் ஆண்பிள்ளையின் இடுப்பு வெறுமையாவது சுடுகாட்டுக்குப் போகும்போதுதான்.

"உசுரோட நிக்கிற புள்ளைக்கு அறுக்குற கயிறாய்யா இது?" என்றார் அந்த அம்மா.

டெக்னீஷியன் மன்னிப்புக் கேட்டார். கட்டாயமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். நானும் என் பங்குக்குச் சேகரின் அம்மாவைக் கெஞ்சினேன். சேகரை மட்டும் யாரும் கேட்கவில்லை. வாசல்படியில் அவரே நின்றுவிட்டார்.

"ஏம்மா, பொங்கலுக்குப் பொங்கல் எப்படி மாத்துற? புதுசக் கட்டிட்டுத்தான பழச அறுக்குற?"

அந்த அம்மா மகனின் கையை விட்டார். பிறகு என்னைப் பார்த்து, "கறுப்புக் கயிறு பக்கத்துல எங்க கெடைக்கும்?" என்றார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

புதுக் கயிற்றைக் கட்டிவிட்டு, கத்தரிக்கோலை வாங்கிப் பழையதை அம்மாவே அறுத்தார். தாயத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

காதை அடைத்தாலும் அந்த மெஷின் போடும் இரைச்சல் கேட்கும். சேகர் அசையாமல் படுத்திருந்து, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அண்ணே, அது போட்ட சத்தத்துல காதுக்குள்ள பேசுறவன் வாயே தொறக்கலண்ணே."

மகன் மூளையில் என்ன தெரிந்தது என்று அம்மா கேட்டார். ஒருவர் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நோய் இல்லாதவர்கள் படங்களோடும் ஒப்பிட வேண்டும், பைத்தியம் என்று பேர் வந்துவிடும் என்று பயந்து அவர்கள்தான் வருவதில்லை என்றார் டாக்டர்.

"என் தம்பிங்க ரெண்டு பேரு இருக்கானுவளே. கூட்டியாறேன்."

அடுத்த வாரம் வேனில் ஏறிய மாமன்கள் இருவர் சட்டைப்பையிலும் புதுக் கறுப்புக் கயிறு. மெஷினைக் கண்டு மிரண்ட மூத்தவரிடம், "சும்மா படு மாமா, நான் வெளிய நிக்கிறேன்" என்றார் சேகர்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூட வந்தவரிடம் பேசுங்கள், ஆனால் படுக்கப் போகிறவரை முதலில் கேளுங்கள். கறுப்புக் கயிறு மேசை டிராயரில் இருக்கிறது.