பிரிக்காமல் சுமந்த பொட்டலம்

முதன்முதலாகக் கப்பல் வேலைக்காக நான் துபாய் கிளம்பியபோது, மணப்பாட்டில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு மெர்சி சித்தி மூவரும் நின்றார்கள். சித்தியின் மகன் கிங்ஸ்டன் மட்டும் இல்லை; அவன் துபாயில் வேலை பார்க்கிறான். அவனுக்கென்று சித்தி ஒரு பொட்டலம் தந்தார். கொடுத்ததைப் பிரிக்காமல் கொண்டுசேர்ப்பதுதான் எங்கள் பக்கம் மரியாதை.

"உள்ள என்ன சித்தி?" என்றேன்.

"கருவாடும் மசாலாவுந்தாம்ல. குண்டா வச்சிருக்கேன்?"

துபாய் விமான நிலையத்தில் மசாலாவுக்கு அடியிலிருந்து ஒரு கசகசாப் பையை எடுத்தார்கள். நாம் குழம்புக்கு அரைக்கும் கசகசா அங்கே போதைப்பொருளாம்! தனி அறையில் உட்கார வைத்தார்கள். கிங்ஸ்டனைத் தவிர தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் ஜெயிலுக்குப் போகப்போகிறேன் என்று பயந்தேன். கிங்ஸ்டனுக்கு போன் செய்தேன்.

"ஏலே, என் பேரச் சொல்லிராத. என் வேல போயிரும்" என்று வைத்துவிட்டான்.

தெரியாமல் கொண்டுவந்தவன் என்று நம்பி மாலையில் விட்டார்கள். அதற்குள் நான் ஏறவேண்டிய கப்பல் போய்விட்டது. வேலை வாங்கித் தந்த ஏஜென்ட் என்னை ஊருக்கே அனுப்பிவிட்டார்.

சித்தியிடம் கேட்டேன். "அங்கன விடமாட்டாவன்னு தெரியும்ல. அதாம் அடியில வச்சேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல்!

இப்போது யார் பொட்டலம் தந்தாலும் அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பார்க்கிறேன். "படிச்ச திமிரு" என்கிறார்கள். சொல்லட்டும். அம்மா கம்மலை விற்று ஏஜென்டுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் கட்டித்தான் என்னை அனுப்பினாள். அந்த ஒரு பிடி கசகசா எங்களுக்கு வைத்த செலவு எழுபத்திரண்டாயிரம் ரூபாய்.