அக்கா ஒப்பித்த சீனம்

வெயிலில் வெடித்த களிமண்ணின் சூடு செருப்பையும் தாண்டி உள்ளங்காலில் ஏறிய அந்த மே மாதத்தில், குடவாசலில் எங்கள் கொல்லைக்குப் பின்னால் தண்ணீரில்லாமல் கிடந்த வாய்க்காலுக்குள் நின்றுகொண்டு, என் அக்கா ஜரீனா எங்கள் ஊரைப் பற்றிச் சீன மொழியில் பேசிப் பழகினாள். எதிரே கவிழ்த்த வாளியின்மேல் நான் உட்கார்ந்திருப்பேன்.

அவள் டெல்லியில் பல்கலைக்கழகத்தில் சீனம் படித்துக்கொண்டிருந்தாள். "இனிமே எல்லாச் சரக்கும் சீனாலேர்ந்துதான் வரப்போவுது, படிக்கட்டும்" என்று சவுதியிலிருந்து மகள் படிப்புக்குப் பணம் அனுப்பிய அத்தா, வேலை போய் அந்த வருடம் ஊருக்கே வந்துவிட்டார். விடுமுறை முடிந்ததும் வரும் பேச்சுத் தேர்வில் தேறினால் உதவித்தொகை. தவறினால் படிப்பு நின்று, துபாய் மாப்பிள்ளையோடு "நிக்காஹ்".

தேர்வுக்காக ஊரைப் பற்றி எழுதிய அந்தப் பேச்சு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதுவே வினையாகப் போயிற்று. சிறுவயதில் குர்ஆன் "ஓதப் போன" இடத்தில் முன்னும் பின்னும் ஆடியபடி ஒரே ராகத்தில் ஒப்பித்துப் பழகியவர்கள் நாங்கள். சீனமும் அவள் வாயில் அதே ராகத்தில் வந்தது, யாராவது குறுக்கிட்டால் அறுந்தது, பிறகு முதலிலிருந்துதான் தொடங்க முடிந்தது. "ஒப்பிக்காதீங்க, எதிர்ல இருக்கறவங்ககிட்ட பேசுங்க" என்று அவளுடைய ஆசிரியை தாளை வாங்கி வைத்துக்கொண்டு, நடுவே கேள்வி கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வாராம். குறுக்கே கேட்கும் அந்த வேலையைத்தான் அக்கா எனக்குக் கொடுத்திருந்தாள்.

"மீன்காரர் வந்துட்டாரா?" என்று வாய்க்கு வந்ததைக் கேட்பேன். பதில் சொல்லிவிட்டு நிற்பாள். உதடு அசையும், சொல் வராது. உடம்பு தானாக ஆடத் தொடங்கும், மறுபடி முதல் வரி வரும். ஒருநாள் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நடுவுலேர்ந்து வரவே மாட்டேங்குதுடி, நான் என்ன செய்வேன்?" பயத்தில் எனக்கும் அழுகை வந்தது. கொல்லைக் கதவருகே நின்ற அம்மா, "அல்லா, எம்புள்ளைக்கு வாயைத் தொறந்து வுடு" என்று கையேந்தினார்.

தேர்வில் நடுவே ஏதோ கேட்டார்களாம். பதில் சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி கேட்டார்கள், மறுபடி முதலிலிருந்து. நேரம் முடிந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிய வாரம் அவள் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

அக்கா துபாய்க்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. வாய்க்காலுக்கு இப்போது இருபுறமும் சிமென்ட் சுவர். அந்தப் பேச்சு மட்டும், அர்த்தம் தெரியாமல், அவள் ராகத்தோடு என்னிடம் இருக்கிறது. அது எனக்கு இன்னும் நினைவிருப்பதைச் சமீபத்தில் தொலைபேசியில் அவளிடம் சொன்னேன். "எனக்கு ஒரு வரிகூட ஞாபகமில்லடி" என்றவள், "நம்ம வாய்க்காலைப் பத்தி வருமே, அதை மட்டும் சொல்லு" என்றாள்.

எனக்கும் முதலிலிருந்துதான் சொல்ல வந்தது.