புகார் வராத வரை

எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சும்மா அஞ்சு நிமிஷம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். நோயாளிகளின் பதிவுகளையெல்லாம் பழைய சர்வர்களிலிருந்து புதியவற்றுக்கு மாற்றுவதற்கும் இயக்குநரிடம் அதையே சொல்லிவிட்டு வந்தார். அந்த ஐந்து நிமிடத்துக்காக மூன்று மாதம் உழைத்தவள் எங்கள் பிரிவில் ஒப்பந்த வேலையில் இருந்த, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண். பழையதில் விழும் ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் புதியதிலும் விழும்படி செய்திருந்தாள். ஒரு பதிவும் தொலையாமல் முடித்தால் வேலை நிரந்தரம் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

தலைவரின் பேச்சில் ஓர் ஒழுங்கு உண்டு. வேலை தொடங்கும்போது 'நாம' என்பார். நன்றாக முடிந்தால் 'நான்'. கெட்டுப்போனால் 'நீங்க'.

ஞாயிறு காலை பத்தரைக்கு, பழைய சர்வர்களுக்கும் புதியவற்றுக்கும் இடையிலான தொடர்பைத் துண்டித்துப் புதியதற்கு மாறினோம். பழையதில் இனி யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிடலாம் என்றாள் அக்கா.

"பூட்டினா எங்கயாவது சிவப்பா எரர் வரும்மா. எதுக்கு ஊரைக் கூட்டணும்? திறந்தே கிடக்கட்டும்" என்றார் தலைவர்.

"யாராவது பழைய சர்வர் அட்ரஸ்லயே எழுதிட்டிருந்தா நமக்குத் தெரியாமலே போயிடும் சார்."

"புகார் வராத வரைக்கும் எதுவும் நிக்கலன்னு அர்த்தம்" என்றவர், புகார் வரும் தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார். அறிவியல் இப்படித்தான் வளர்கிறது.

மாறி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. அவரே கைதட்டிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்து அம்மா மூன்று மாடி இறங்கி, கையில் தாள்களுடன் மூச்சு வாங்க வந்தார்.

"ஏங்க, போன் என்ன செத்துப்போச்சா? பத்தரையிலேர்ந்து ஒரு ரிசல்ட்டும் வார்டுக்குப் போகல. டாக்டருங்க என்னைப் புடிச்சுத் திட்டறாங்க."

அவருடைய பரிசோதனை இயந்திரத்தில் பழைய முகவரியே இருந்தது. அது கர்மசிரத்தையாகப் பழைய சர்வரில் எழுதிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, நீங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் தலைவர் அக்காவிடம்.

அக்கா கணினிப் பக்கம் திரும்பினாள். பழையதைப் பூட்டினாள். மாட்டிக்கொண்ட முப்பத்தெட்டு முடிவுகளையும் எடுத்து, தாள்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் புதியதில் சேர்த்தாள். அவசரமானவற்றை அந்த அம்மா, கீழே கிடந்த ரிசீவரை எடுத்து, வார்டுகளுக்குப் படித்துச் சொன்னார். ஒன்றேகாலுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தன. தலைவர் அதற்குள் சாப்பிடப் போயிருந்தார்.

திங்கட்கிழமை இயக்குநர் முன்னால் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் நாலே நிமிஷத்துல முடிச்சேன் சார். லேப்ல மட்டும் இவங்க கொஞ்சம்..."

இயக்குநர் அக்காவைப் பார்த்தார். "ஏதாவது தொலைஞ்சுதா?"

"ஒண்ணும் தொலையல சார். முப்பத்தெட்டு ரிசல்ட் லேட்டு. பழையதைப் பூட்ட வேணாம்னு யார் சொன்னாங்கன்னு அவர்ட்டயே கேளுங்க."

"அது வந்து சார், நாம என்ன நினைச்சோம்னா..."

"நாம இல்ல சார். நீங்க" என்றாள் அக்கா.

அன்று மாலையே அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. தலைவர் தலைவராகவே இருக்கிறார், அவருக்கென்ன குறை. வாழ்த்துச் சொல்ல அவர் வந்தபோது அக்கா சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடவில்லை.