சோறு அடிபிடித்த படம்

இப்போதெல்லாம் கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்து முடித்த மறுகணமே அது என்னிடம் தீர்ப்புக் கேட்கிறது. ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை கொடுப்பாய் என்று. பரீட்சை ஹாலில் பேனா எழுதாமல் போனவன் மாதிரி முழிக்கத் தொடங்கிவிடுவேன். மூன்று போட்டால் படம் எடுத்தவன் மனம் நோகுமோ, ஐந்து போட்டால் இவன் எதற்கும் தலையாட்டுகிறவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று விரல் நடுங்கும். ஐம்பதை நெருங்குகிற ஆள், கைப்பேசியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் படம் பாதி ஓடும்போதே நட்சத்திரம் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போகிறவள்.

குறை என்னுடையது அல்ல. படங்களுக்கு மார்க் போட நான் கற்றுக்கொண்ட வீட்டில் நட்சத்திரம் கிடையாது. சோறுதான்.

எங்கள் ஊர் சாயல்குடிக்குக் கிழக்கே, கடலை ஒட்டி. ஊரில் பாதி வீட்டு ஆண்கள் அரபு நாட்டில் இருந்தார்கள். என் வாப்பாவும் அங்கேதான். எங்கள் தெருப் பெண்கள் சினிமாக் கொட்டகைக்குப் போவதில்லை. யாரும் சட்டம் போட்டதாகத் தெரியவில்லை, போவதில்லை, அவ்வளவுதான். ஆகவே உம்மா பார்க்க வேண்டிய படங்களையெல்லாம் அவளுக்காக நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உம்மாவின் தம்பி, என் மாமா, சைக்கிளில் முன்கம்பியில் என்னை உட்கார வைத்துக் கூட்டிப் போவார். மறுநாள் உம்மா உலை வைக்கும் நேரத்தில் அடுப்படி வாசலில் நின்று நான் முழுப் படத்தையும் ஓட்டுவேன். சண்டைக் காட்சிகளுக்கு அகப்பை, பாட்டுக்கு என் தொண்டை, மழைக்குத் தண்ணீர்ச் செம்பு.

உம்மா சூடை மீனை ஆய்ந்தபடியே கேட்பாள். படம் மட்டமாக இருந்தால் அவள் கவனம் பானையிலேயே இருக்கும். சோறு பதமாக வடிந்துவிடும். படம் நன்றாக இருந்தால் பானையை மறந்துவிடுவாள், சோறு குழைந்துவிடும். கடைசியில் நான் வியர்த்துப்போய், "உம்மா, எப்படி?" என்று கேட்பேன். அவள் இரண்டு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். பதமென்றால் சுமார் படம். குழைந்திருந்தால் நல்ல படம். அடியே பிடித்துப்போனால் அதற்குமேல் ஒரு படம் கிடையாது. அந்தப் பெருமை அபூர்வமாகத்தான் எனக்குக் கிடைத்தது. அன்றைக்குப் புகைநாற்றம் அடிக்கும் சோற்றை நான் மட்டும் பிரியாணியைப் போல ரசித்துத் தின்பேன்.

மாமாவின் அளவு வேறு. படம் முடிவதற்குள் எத்தனை பீடிக்கு வெளியே எழுந்து போனார் என்பதுதான் அவருக்கு மார்க். குறையக் குறைய நல்ல படம். வாப்பாவின் அண்ணன், பக்கத்து வீட்டுப் பெரியவாப்பா, எந்தப் படத்தையும் பார்க்காமலேயே எல்லாப் படத்துக்கும் முட்டை போடுவார். அவருக்கு மட்டும் விரல் நடுங்கியதே இல்லை.

வாப்பா கடிதம் எழுதுகிறவர் அல்ல. பேசி ஒலிநாடாவில் பதிந்து, விடுப்பில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். கேசட் வந்தால் பெரியவாப்பா, பெரியும்மா, மாமா எல்லாரும் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் கூடிவிடுவார்கள். டேப் ரிக்கார்டரை முக்காலியில் வைத்து, வாப்பாவே வந்து உட்கார்ந்த மாதிரி அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அண்ணனுக்கு ஸலாம், மதினிக்கு நலம் விசாரிப்பு, மச்சானுக்குப் புத்திமதி என்று வரிசையாக வரும். உம்மாவின் பங்கு ஒரு வரி: ஒடம்பப் பாத்துக்க, பிள்ளைய அடிக்காத. அத்தனை காதுகளுக்கு நடுவில் ஒரு மனுசன் தன் பெண்டாட்டியிடம் வேறு என்னதான் பேசிவிட முடியும்?

ஆனால் கடைசியில், "சரி, பட விசயத்துக்கு வருவோம்" என்பார் வாப்பா. அப்போது அவர் குரலே மாறிவிடும். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தவர் பேசுகிற மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் அறையில் வீடியோவில் ஒரு படம் போடுவார்களாம். அன்றைக்குச் சமையல் முறையும் வாப்பாவுக்கு. அதனால் அவரும் எங்கள் வீட்டு அளவிலேயே மார்க் போட்டார். ஆனால் கெட்டி ஆள். என்ன படமானாலும் அவர் சோறு பதமாகவே வடியும். பட விசயம் என்பதால் உம்மாவும் பதிலுக்குப் பேசலாம்; அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. விளையாட்டுத்தானே.

நான் நாலாம் வகுப்புப் படிக்கையில் வந்த கேசட்டில் வாப்பா ஒரு செய்தி சொன்னார். பெருநாளைக்கு ஊர் வருவதாக இருந்தவரைக் கம்பெனியில் இன்னும் இரண்டு வருசம் இருக்கச் சொல்கிறார்களாம். எல்லாரும் கலந்து பேசி ஒரு பதில் சொல்லுங்கள் என்றார்.

கலந்து பேசுவது ஒரு வாய் தேநீருக்குள் முடிந்துவிட்டது. "இருக்கட்டும். வேல கெடைக்கிறதே பெருசு" என்றார் பெரியவாப்பா. பெரியும்மா வெற்றிலையை மென்றபடி தலையாட்டினாள். உம்மா தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. எனக்கும் வேறு கவலை. கண்ணில் வைத்து விசையை அமுக்கினால் மக்காவின் படங்கள் ஒவ்வொன்றாக மாறுகிற குட்டிப் பெட்டி ஒன்று வாங்கி வருவதாக வாப்பா சொல்லியிருந்தார். அது இன்னும் இரண்டு வருசம் அங்கேயே கிடக்குமா, யார் கையிலாவது கொடுத்து அனுப்புவாரா?

மறுநாளே பதில் பதிந்தோம். இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கும் பொறுப்பு என்னுடையது. பெரியவாப்பா தொண்டையைச் செருமி, தாராளமாக இருந்துவிட்டு வா என்று சொன்னார். அவரவர் பேசி முடித்தார்கள். கடைசியாக உம்மாவின் முறை.

அந்த வாரம்தான் நான் அவளுக்கு ஒரு கப்பல் படம் சொல்லியிருந்தேன். கதாநாயகன் கப்பலேறிப் போகிறான், அவன் இல்லாத நேரத்தில் வில்லன்கள் வருகிறார்கள், கடைசியில் அவன் திரும்பி வந்து அத்தனை பேரையும் கடலில் தூக்கிப் போடுகிறான். சோறு குழைந்த படம். அதைப் பற்றித்தான் உம்மா பேசினாள்.

"படம் நல்ல படந்தான். சண்டையெல்லாம் எனக்கு மனசுல நிக்கல. ஒரு சீனு வருது பாருங்க. அவன் கப்பலேறிப் போயிட்டான். அந்தப் பொண்ணு அவஞ் சட்டை ஒண்ண எடுத்துத் தொவைக்கிது. அழுக்கே இல்லாத சட்டை. யாருமே உடுத்தாத சட்டை. தொவச்சுக் கொடியில போட்டுட்டு, காயிற மட்டும் அங்கனயே நிக்கிது. மடிச்சு வைக்கிது. கொஞ்ச நாள் போனா மறுபடி எடுத்துத் தொவைக்கிது. சாயம் போயிருச்சுன்னா வந்து என்ன சொல்லுவானோன்னு பயம் வேற. அந்தச் சீனுதாங்க படம். கடைசியில வந்து சண்ட போட்டு என்னத்துக்கு? அவன் இடைவேளைக்கே வந்துருக்கணும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அப்படி ஒரு காட்சி படத்தில் இல்லை. நான் சொல்லவும் இல்லை.

"உம்மா, அப்படிச் சீனே கெடையாது!" என்று கத்திவிட்டேன்.

கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. பெரியவாப்பா மெல்லத் தலையைத் திருப்பி உம்மாவைப் பார்த்தார். பெரியும்மாவின் தாடை மெல்லுவதை நிறுத்தியது. உம்மா முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இருக்குடா. நீ தூங்கிருப்ப."

"அல்லா மேல ஆணையா..." என்று தொடங்கினேன். படத்துக்கெல்லாமா ஆணையிடுவது என்று பெரியும்மா என் தொடையில் கிள்ளினாள். சாட்சிக்கு நான் மாமாவைக் கூப்பிட்டேன். காதிடுக்கில் பீடியோடு நிலையில் சாய்ந்திருந்த மாமா தன் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"இருக்கு ராத்தா. எனக்கும் அதுதான் புடிச்சுது. இவன் வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குனான்."

எல்லாரும் சிரித்தார்கள். "சட்டை தொவைக்கிறதயெல்லாமா படமா எடுக்குறானுவ?" என்று பெரியவாப்பா வழக்கம்போல் முட்டை போட்டார். உம்மாவே கையை நீட்டிப் பொத்தானை நிறுத்தினாள்.

அன்றிலிருந்து என் வயிறு என் வசத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை வாப்பா அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பார். சட்டை துவைக்கிற சீன் அதில் இருந்தால் நான் தூங்குமூஞ்சி. இல்லாவிட்டால் உம்மாவுக்கு இல்லாததைச் சொல்லிவிட்டு இப்போது மறுக்கிற புளுகன். எந்தப் பக்கம் பார்த்தாலும் மாட்டிக்கொள்வது நான்தான். எந்த வாப்பாவும் புளுகனுக்கு மக்காப் படப் பெட்டி வாங்கித் தர மாட்டார். அதைவிட ஒரு பெரிய பயம்: உண்மையிலேயே தூங்கிவிட்டேனோ? அப்படியானால் இதுவரை பார்த்த படங்களில் இன்னும் எத்தனை சீன்கள் எனக்குத் தெரியாமல் ஓடியிருக்கும்? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாடம் நடத்தும்போதுகூட என்னை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். நான்கைந்து முறை வாசலுக்கு ஓடினேன். பையனுக்குப் பேதி என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாமாவை நச்சரித்து அதே படத்துக்கு மறுபடியும் கூட்டிப் போகச் செய்தேன். இந்தத் தடவை இரண்டு கண்களையும் விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இமைக்காததில் கண்ணீர் வழிந்தது. வில்லன் சாவுக்கு இப்படி அழுகிறானே என்று பக்கத்திலிருந்தவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். கப்பல் போனது, வில்லன்கள் வந்தார்கள், கப்பல் திரும்பியது. சட்டையைத் துவைக்க யாரும் வரவில்லை.

"மாமா, சீன் எங்க?"

"பரமக்குடியில ஓடித் தேஞ்ச ரீலுல்ல. அறுந்துருக்கும். வெட்டி ஒட்டிருப்பானுவ."

"அப்ப அன்னைக்கு நீங்க மட்டும் எப்படிப் பாத்தீங்க?"

மாமா நிதானமாகப் பீடியைப் பற்ற வைத்தார். "அன்னைக்கு வெட்டல."

சைக்கிளில் திரும்புகையில் வழக்கமாகப் படத்துப் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு வருகிறவர், அன்று எதிர்க்காற்றில் பெடலை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தார். என்னிடம் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெருநாள் வாப்பா இல்லாமலே வந்து போன பிறகு அவருடைய பதில் கேசட் வந்தது. கூடத்தில் எல்லாரும் கூடினோம். வாப்பா அண்ணனுக்கு ஸலாம் சொன்னார். உங்கள் கேசட் வருவதற்கு முந்தியே கையெழுத்துப் போட வேண்டியதாகிவிட்டது, தவணை கொடுக்கவில்லை, இனி இரண்டு வருசம் கழித்துத்தான் என்றார். "அல்ஹம்துலில்லா" என்றார் பெரியவாப்பா. உம்மா காலித் தேநீர்க் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் எடுத்த ஒரு குவளையைக் கீழேயும் வைக்காமல் உள்ளேயும் கொண்டுபோகாமல் நின்றாள்.

"சரி, பட விசயத்துக்கு வருவோம்."

நான் முக்காலியை இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

"ஏலே, நீ சொன்னதுதான் சரி. அந்தக் கப்பல் படத்த இங்க பாத்தோம். அப்படிச் சீனு அதுல இல்ல. நீ முழிச்சுத்தான் பாத்துருக்க."

நான் துள்ளிக் குதித்தேன். மாமாவைப் பார்த்துப் பழிப்புக் காட்டினேன். அதற்குள் கேசட்டில் வாப்பாவின் குரல் நின்றுவிட்டிருந்தது. அவர் அறையின் ஏசி இரைகிற சத்தம் மட்டும் வந்தது. முடிந்துவிட்டது என்று நிறுத்தப் போனேன். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சீனச் சொன்னாங்கல்ல, அதத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அடுப்புல சோறு கெடந்துச்சு. அடிபிடிச்சுப் போச்சு. ரூமுல எல்லாரும் ஏசுனாங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் வெறும் இரைச்சல்.

எல்லாரும் சிரித்தார்கள். இத்தனை வருசம் பொங்கியும் பொறுப்பு வரவில்லை என்றார் பெரியவாப்பா. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என்ன அநியாயம் இது? ஜெயித்தது நான். மார்க் விழுந்தது இல்லாத சீனுக்கு. அதுவும் வாப்பா அதுவரை எந்தப் படத்துக்கும் கொடுக்காத மார்க். இல்லாத ஒன்றுக்கு எப்படிச் சோறு அடிபிடிக்கும் என்று நான் ஒவ்வொருவரிடமும் முறையிட்டேன். எல்லாரும் போன பிறகு உம்மா, "கொஞ்சம் பின்னால ஓட்டு" என்றாள். ஓட்டினேன். தோற்றுப்போனதைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் தோற்றவள் முகம் மாதிரியும் இல்லை, ஜெயித்தவள் முகம் மாதிரியும் இல்லை. "இன்னுங் கொஞ்சம்" என்றாள். மறுபடியும் ஓட்டினேன்.

இப்போது உம்மாவும் வாப்பாவும் இல்லை. அந்தக் கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. அந்தக் கப்பல் படம் மட்டும் கைப்பேசியில் கிடைக்கிறது. போன மாதம் போட்டுப் பார்த்தேன். வெட்டாத, தேயாத, பளிச்சென்ற படம். கப்பல் புறப்பட்டதிலிருந்து இமைக்காமல்தான் பார்த்தேன். முடிந்ததும் வழக்கம்போல் நட்சத்திரம் கேட்டது. கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அந்தக் கேசட் வந்த மறுநாள் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. விளையாடப் போகிற அவசரத்தில் கொல்லைப் பக்கம் ஓடினேன். வாப்பா போன முறை விட்டுப்போன நீலக் கட்டம் போட்ட சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் அங்கே தொங்குகிற சட்டைதான். உம்மா பக்கத்தில் வேலை எதுவும் இல்லாமல் சும்மா நின்றிருந்தாள். நான் குனிந்து அதன் கீழே புகுந்தேன். காற்றில் ஆடிய ஈரக்கை ஒன்று என் தலையில் பட்டுவிட்டுப் போனது. சலிப்போடு துடைத்துக்கொண்டு ஓடினேன், இல்லாத சீனுக்கு எப்படிச் சோறு அடிபிடிக்கும் என்று யோசித்தபடியே.