அமெரிக்கக்காரிக்கு ஒரு பொன்னாடை

என் அண்ணன் புத்தகம் படிக்காதவர் என்று சொன்னால் பினாங்கில் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு தமிழ்ச் சங்கத்துக்குப் பல வருடங்களாகத் தலைவர். எந்த நூல் வெளியீட்டிலும் முன்வரிசையில் இருப்பார், மேடை ஏறினால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார். பேசுவதற்குப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று எனக்குத் தெரிய வைத்தவர் அவர்தான். நான் மொழிபெயர்த்த ஒரே ஒரு புத்தகத்தையும் அவர் படிக்கவில்லை. படித்திருந்தால் அந்த வெளியீட்டு விழாவே நடந்திருக்காது.

அது சௌராஸ்தா மார்க்கெட்டின் மாடியில், பழைய பள்ளிப் பாடநூல்களுக்கு நடுவில் கிடைத்த ஆங்கிலப் புத்தகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பெண் எழுதிய கதைகள். அட்டை கிழிந்திருந்தது. பீச் ஸ்திரீட்டில் நான் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டிப் பார்க்கலாம் என்றுதான் வாங்கினேன். இரண்டாவது கதையில் சோறு ஆறிப்போனது.

அவர் காலத்து ஆண்கள் கடலையும் போரையும் எழுதிப் பேர் வாங்கிக்கொண்டிருந்தபோது இந்த அம்மாள் அடுப்படியை எழுதியிருக்கிறார். பனி கொட்டும் சின்ன ஊர். சர்ச், ஆப்பிள் தோட்டம், விறகு அடுப்பு, அதைச் சுற்றி வாழ்ந்து தேய்ந்த பெண்கள். கல்யாணம் ஆகாதவள், புருஷன் செத்தவள், மருமகளுக்கு அடங்கிப் போனவள். யாருக்காகவும் அவர் உச்சுக்கொட்டுவதில்லை. அந்தப் பெண்களை வேலை வாங்கிக்கொண்டே புகழ்கிற நல்ல மனிதர்களை மட்டும் ஒரு பக்கம் கூட விடாமல் கவனிக்கிறார். எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள், அதுதான் படிக்கப் படிக்க எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

அதில் ஒரு கதை. சர்ச்சில் பெரிய மனிதராக இருக்கும் ஒருவருக்குச் சமைத்துப் போட்டு, அவர் பிள்ளைகளை வளர்த்து, நரைத்துப்போன அவருடைய அக்கா. அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழைகளுக்கு இரங்குவதைப் பற்றிப் பேசுகிறார். ஒரு நாள் காலையில் அந்த அக்கா அடுப்பைப் பற்ற வைக்காமல், ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கி நடக்கிறாள். தையல் கடை மாடியில் ஓர் அறை எடுத்து, தனக்கு மட்டும் ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக் குடிக்கிறாள். கதை அங்கேயே முடிகிறது.

படித்து முடித்தபோது சுங்கை பினாங்கில் இருக்கும் என் அக்காவைத்தான் நினைத்தேன். நினைத்தேன் என்பது பொய். அவள்தான் கதையில் இருந்தாள்.

அக்கா எங்கள் மூவரில் மூத்தவள். அம்மா போனபோது ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டு நின்றுவிட்டாள், அண்ணனும் நானும் படித்தோம். அண்ணனுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது, ஒரு மாதம் வந்து ஒத்தாசையாக இருந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது வேலைக்குப் போகிறான். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள், அடுப்படிக்குப் பக்கத்து அறையில், அரிசி மூட்டைக்கும் கேஸ் தோம்புக்கும் துணையாக. சம்பளமா என்று ஒருமுறை நான் வாயைத் திறந்ததற்கு, வீட்டு மனுஷிக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று அண்ணன் வருத்தப்பட்டார். அவருக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. மகளிர் தினத்துக்கு அவர் பேசும் பேச்சு சங்கத்தில் பிரபலம்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் எது கிடைத்தாலும் படிப்பாள், பசாரில் கருவாடு சுற்றிக் கொடுத்த பேப்பரைக்கூட விரித்துப் படிப்பாள். அவள் படிக்க வேண்டும் என்றுதான் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். இலக்கியச் சேவை, அது இது என்று மேடையில் பிறகு சொன்னதெல்லாம் பிறர் சொன்னது. எனக்கு இருந்தது ஒரே எண்ணம். அக்கா இதைப் படித்துவிட்டு அந்த வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஜெலுத்தோங் ஃபிளாட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன், இன்னோர் அறை சும்மா கிடக்கிறது.

அலுவலகம் விட்டு வந்து, வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தை மேசையின் ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு எழுதுவேன். பனியைக்கூடச் சமாளித்துவிட்டேன். அந்த அமெரிக்கப் பெண்கள் கட்டியிருக்கும் ஏப்ரன்தான் பாடாய்ப்படுத்தியது. அக்கா இடுப்பில் சொருகியிருப்பது சிவப்பு எழுத்துப் போட்ட குட்மார்னிங் துண்டு. கடைசியில் ‘இடுப்புத் துண்டு’ என்றே எழுதிவிட்டேன். மாவு பிசையும் இடங்கள் வந்தால் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்பேன்.

“எதுக்கு இதெல்லாம் கேக்குற, செய்யப் போறியா?”

“எழுதப் போறேன்.”

“எழுதறதுக்கு எதுக்குலா தண்ணி அளவு” என்று சிரித்தாள்.

அப்படி ஒரு போனில்தான் நானும் கேட்டேன். “அக்கா, என்கூட வந்துடேன். ரூம் சும்மாதானே கெடக்கு. நீ இருந்தா எனக்கும் தெனம் கடையில கட்டி வாங்குற தாப்பாவ் சோறு தின்ற கதி இருக்காது.”

“பாப்போம்” என்றாள். அந்த வாரமே நான் ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன்.

கதைகள் அச்சுக்குத் தயாரானதும் அண்ணனுக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. “மொழிபெயர்ப்பு நூலா? நம்ம சங்கத்துல இதுவரைக்கும் வந்ததே இல்லையே. நாமளே வெளியீடு செஞ்சுடுவோம், டத்தோவ கூப்பிடுறேன்” என்றார். டத்தோ என்பது எங்கள் நாட்டில் பெரிய மனிதர்களுக்கு அரசு கொடுக்கும் பட்டம், சங்க விழாக்களுக்கு வருகிறவரை அந்தப் பட்டத்தை வைத்தே கூப்பிடுவோம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தன்னைப் பற்றிய கதையைத் தானே மேடையில் தூக்கிக் காட்டப்போகிறார் என்ற நினைப்பு எனக்குத் தித்தித்தது. விழாவுக்கு முன்பே ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். எந்தக் கதை என்று சொல்லவில்லை, பக்கத்தின் முனையை மடித்திருந்தேன்.

எங்கள் ஊர் வெளியீட்டு விழாக்களில் எழுத்தாளருக்குப் பொன்னாடை போர்த்தாமல் ஒன்றும் நடக்காது. தலைவருக்கு ஒன்று, டத்தோவுக்கு ஒன்று, நூலாசிரியருக்கு ஒன்று. நூலாசிரியர் என்பவர் மேடையில், குடும்பத்தோடு, உயிரோடு உட்கார்ந்திருப்பார். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு பிறவி உண்டு என்பது சங்கச் செயலவையில் யாருக்கும் தெரியாது, தட்டச்சு செய்து கொடுப்பவர் மாதிரி நினைத்துவிட்டார்கள். விழாவுக்கு முந்தைய வாரம் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையிலிருந்து அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

“அந்த அமெரிக்கக்கார அம்மாவுக்கு என்ன கலர் எடுக்கட்டும்?”

“அவங்க செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுண்ணே.”

“சரி சரி, மெரூன் எடுத்துடுறேன்” என்றார். பின்னால் கடைக்காரர் விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை. நானும் வீட்டு மனுஷிதானே.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சங்க மண்டபம் நிறைந்துவிட்டது. படிப்பவர்கள் வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம், டத்தோ வருகிறார் என்று வந்தார்கள். தமிழ் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை. அண்ணன் பேசினார். பெண்ணின் பெருமையை உலகமே போற்றுவதற்கு இந்த நூலே சாட்சி என்றார். டத்தோ எழுந்து, அந்த அமெரிக்க அம்மையார் இன்று நேரில் வர முடியாமல் போனது நமக்கெல்லாம் வருத்தம், அடுத்த நூலுக்கு அவசியம் வரவழைப்போம் என்று சொல்லி, விமானச் செலவைத் தாமே பார்த்துக்கொள்வதாக அறிவித்தார். கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. மெரூன் பொன்னாடையை ஒரு தட்டில் வைத்துக் காலி நாற்காலியின் முன்னால் காட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள்.

என் ஏற்புரைக்கு முன்பே அறிவிப்பாளர் காதோடு சொல்லிவிட்டார், டத்தோவுக்குக் கெப்பாலா பத்தாஸில் வேறு நிகழ்ச்சி இருக்கிறது, சுருக்கமாக. நான் எழுதி வந்ததை மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னேன். இந்தக் கதைகளை எழுதியவர் வர முடியாததற்குக் காரணம், அவர் காலமாகிவிட்டார்.

எப்போது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அறிவிப்பாளர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். கணீரென்ற குரல் அவருக்கு. “இந்தத் துயரச் செய்தி நம்மை ஆழ்ந்த வேதனையில் ஆழ்த்துகிறது. அம்மையாரின் ஆன்மா சாந்தியடைய, சபையோர் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. டத்தோ கைகளை முன்னால் கட்டிக் குனிந்தார். அண்ணனின் முகத்தில் அசல் துக்கம். முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்த சிரிப்பு அழுகை மாதிரி ஆகிவிட்டது. அந்த அமைதியில் மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணெயில் வடை பொரியும் சத்தம், ஜல்லிக்கரண்டி சட்டி விளிம்பில் தட்டும் சத்தம். இருநூறு பேருக்குப் பலகாரம் வெளியில் சொன்னால் செலவு என்று அண்ணன் அக்காவைக் காலையிலேயே கூட்டிவந்து மண்டபத்து அடுப்படியில் விட்டிருந்தார். யாருக்காகக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தேனோ அவளைத் தவிர எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

பிறகு வரிசையில் வந்து புத்தகம் வாங்கினார்கள். இரண்டு கையாலும் வாங்கி, புத்தகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்து தேநீருக்குப் போனதும் அண்ணன் அந்த மெரூன் துணியை என்னிடம் நீட்டினார். “இத நீயே வச்சுக்கோ. பாவம், அந்தம்மாவுக்குக் கொடுத்து வைக்கல.” இன்று காலைவரை அந்த அம்மாள் உயிரோடிருந்தார் என்றே அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

அக்கா கடைசி ஈடு வடையை எடுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் துண்டு, நெற்றியெல்லாம் வேர்வை. நான் பொன்னாடையை விரித்தேன்.

“ஏய், எண்ணெ படும். அங்குட்டு வை.”

நாற்காலியில் வைத்தேன். “படிச்சியாக்கா?”

“ம். ரெண்டு தடவ.” அடுப்பை அணைத்தாள். “அந்தத் தம்பிக்காரன் அப்படியே நம்ம தம்பி. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே பேசுறான் பாரு, அந்த எடத்துல சிரிச்சுட்டேன். தம்பி பொண்டாட்டி என்னான்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னுட்டேன்.”

இருவரும் சிரித்தோம். இத்தனை நாள் உழைத்ததற்கு அந்தச் சிரிப்பு போதும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் எனக்கு அது போதவில்லை.

“கடைசில அவ போயிடுறாளேக்கா.”

“போறா. தையக்கட மாடியில தனக்கு மட்டும் ஒரு டீ போட்டுக் குடிக்கிறா. அத மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன்.”

“அப்ப நீயும் வாக்கா. இன்னிக்கே வா. கட்டில் வாங்கிப் போட்டுட்டேன், மெத்தையும் வந்துருச்சு.”

அக்கா துண்டில் கையைத் துடைத்தாள். கோபம் இல்லை அவள் முகத்தில். அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஒன் வீட்டுக்கா? அங்க வந்தாலும் அடுப்படிக்குத்தானே வரணும். தாப்பாவ் சோறு தின்ன முடியலன்னு நீதானே சொன்ன.”

“வெளையாட்டுக்குச் சொன்னேன்க்கா.”

“தம்பியும் ஒரு மாசம்னுதான் சொன்னான். அவனும் பொய் சொல்லல.” வடைத் தட்டை என் கையில் கொடுத்தாள். “அவன் வீட்டுலன்னா எது எங்க இருக்குன்னு தெரியும். இதக் கொண்டு போய் டத்தோ மேசையில வை, ஆறிடப் போவுது.”

வைத்துவிட்டு வந்தேன். வாசலில் நின்று அண்ணன், டத்தோ வீட்டம்மாவுக்குச் சீனி இல்லாமல் ஒரு டீ என்று குரல் கொடுத்தார். அக்கா கெண்டியைத் தூக்கினாள்.

பொன்னாடை இப்போது அந்தக் கட்டில்மேல், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையில் கிடக்கிறது. அன்றைக்கு நான் அவளுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். நீ அடுப்புப் பக்கமே வராதே, நான் சமைத்துப் போடுகிறேன், நீ உட்கார்ந்து படி என்று. பலமுறை மனத்துக்குள் சொல்லியும் பார்த்துவிட்டேன். எனக்குச் சமைக்கத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே வராமல் என்னை வளர்த்தது அக்காதான்.